வாய்க்காலும் வாக்குச்சீட்டும்



தண்ணீர் யாருக்குச் சொந்தம்? "வானம் வழங்கியது, அனைவருக்கும் சொந்தம்" என்பார் வேதாந்தி. "என் நிலத்தின் ஓரமாக ஆறு ஓடுகிறது, எனக்கே சொந்தம்" என்பார் நிலப்பிரபு. "விலை கொடுக்க வல்லவனுக்குச் சொந்தம்" என்பார் வணிகர். இம்மூவரையும் மறுத்து, "வாக்களித்து முடிவு செய்த ஊராருக்குச் சொந்தம்" என்று உரைத்தனர், கடல் கடந்த நாடொன்றின் உழவர்கள். உரைத்ததோடு நின்றார்களா? அணை கட்டினார்கள், கால்வாய் வெட்டினார்கள், விளக்கும் ஏற்றினார்கள். அவர்கள் வரலாற்றைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

பொறியியல் பயின்றவனல்லன் நான். கல்லூரியின் கடைசிப் படியைக் காணாமலே வெளியேறியவன். நாடகம் எழுதுவது என் தொழில். எவன் கையில் என்ன இருக்கிறது, அதை எவன் பறிக்கப் பார்க்கிறான் என்று தேடுவது நாடகக்காரன் வழக்கம். அந்தக் கண்கொண்டு கலிபோர்னியாவைப் பாருங்கள்.

ஐக்கிய அமெரிக்க நாடுகளின் மேற்குக் கோடியில் உள்ள மாநிலம் அது. அதன் நடுவிலே நீண்டு கிடக்கிறது ஒரு பள்ளத்தாக்கு. கிழக்கே சியரா நெவாடா மலை, முடியிலே பனி. குளிர்காலத்திலே மழை, கோடையிலே வறட்சி! பனி உருகிப் பாய்ந்து வரும் துவாலமி ஆறு, பயிர் வாடும் நிலத்தைப் பார்த்துக்கொண்டே கடலுக்குப் போயிற்று. நிலமோ பெரும் பெரும் கோதுமைப் பண்ணைக்காரர்களின் பிடியில். மழை பெய்தால் விளைச்சல், பொய்த்தால் புழுதி.

நீரை எடுத்துப் பாய்ச்சலாமே என்றால், குறுக்கே நின்றது சட்டம். 1886ஆம் ஆண்டு, கெர்ன் ஆற்றைப் பற்றிய வழக்கொன்றில் அம்மாநில உச்ச நீதிமன்றம், கரையோர நிலத்தாரின் உரிமையை நிலைநாட்டித் தீர்ப்பளித்தது. வென்றவர்கள் யார்? ஹென்றி மில்லர், சார்லஸ் லக்ஸ் என்ற மாட்டுப் பண்ணை மன்னர்கள். பத்து இலட்சம் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்த கூட்டாளிகள்! கரையிலே நிலமுடையவனுக்கு ஆறு. கரைக்கு அப்பால் உழுபவனுக்குக் கண்ணீர். இதுதான் அன்றைய நீதி.

அந்த அநீதிக்கு விடையாக வந்தது 1887ஆம் ஆண்டின் ரைட் சட்டம். மொடெஸ்டோ என்ற சிற்றூரின் வழக்கறிஞர் சி. சி. ரைட், சட்டமன்றத்துக்குச் சென்று கொண்டுவந்த சட்டம் அது. அது என்ன சொல்லிற்று? ஒரு வட்டாரத்து மக்கள் கூடி, மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்தால், 'பாசன மாவட்டம்' ஒன்றை அமைக்கலாம். கலெக்டர் ஆளும் மாவட்டமன்று, தோழர்களே. பாசனத்துக்கென்றே மக்கள் அமைக்கும் சிறு அரசு. அது நிலத்துக்கு வரி விதிக்கலாம். கடன் பத்திரம் வெளியிடலாம். பொதுத் தேவைக்காக நிலத்தையும் நீருரிமையையும் இழப்பீடு தந்து கையகப்படுத்தலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. வாக்கு, நிலத்தின் அளவுக்கு ஏற்ப அல்ல! ஆயிரம் ஏக்கர் உடையவனுக்கு ஒரு வாக்கு. ஒரு குழி நிலமும் இல்லாத கடைக்காரனுக்கும், வண்டிக்காரனுக்கும், வட்டாரத்து வாக்காளன் என்ற முறையிலே ஒரு வாக்கு. பெண்களுக்கு அம்மாநிலத்தில் வாக்குரிமை வர 1911 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்தக் குறையை மறைக்க நான் விரும்பவில்லை. ஆயினும், ஏக்கர் எண்ணி வாக்களிக்கும் முறையை அந்தச் சட்டம் ஏற்கவில்லை.

அந்தச் சட்டத்தின்கீழ் முதன்முதல் எழுந்தது டர்லாக் பாசன மாவட்டம், 1887 ஜூன் திங்களில். அடுத்து ஆற்றின் வடகரையிலே மொடெஸ்டோ மாவட்டம். உடனே தண்ணீர் வந்துவிட்டதா? அதுதான் இல்லை! "தண்ணீரே எனக்கு வேண்டாம், வரி மட்டும் நான் ஏன் கட்டவேண்டும்?" என்று சீறினர் பெரும் பண்ணையார்கள். வழக்குக்குமேல் வழக்கு. வழக்கு நடக்கும் மாவட்டத்தின் கடன் பத்திரத்தை எவன் வாங்குவான்? பணமின்றி வேலை நின்றது. இரு மாவட்டங்களும் கூட்டாகக் கட்டிய லா கிராஞ்சு அணை 1893இல் முடிந்தது. ஆனால் அணை நிமிர்ந்து நிற்க, கால்வாய் முடியாமல் கிடந்தது. நாட்டின் உச்ச நீதிமன்றம் 1896இல் இந்தச் சட்டம் செல்லும் என்று கூறிய பிறகே காற்று திசை மாறிற்று. 1900ஆம் ஆண்டு டர்லாக் வயலிலே வாய்க்கால் நீர் பாய்ந்தது. மாவட்டம் பிறந்து, பதின்மூன்று ஆண்டுகள் கழித்து!

பிறகு நடந்தது என்ன? வரி கட்டவேண்டிய பெரும் பண்ணைகள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. கோதுமைக் காடு இருந்த இடத்திலே குதிரைமசால், பால்மாடு, பழத்தோட்டம்; பண்ணையார் ஒருவர் இருந்த இடத்திலே பல குடும்பங்கள். நிலச் சீர்திருத்தம் என்ற பெயரைச் சொல்லாமலே, நீர்வரி அந்த வேலையில் ஒரு பகுதியைச் செய்துவிட்டது!

அடுத்த காட்சி மின்சாரம். 1923இல் இரு மாவட்டங்களும் சேர்ந்து டான் பெட்ரோ அணையைக் கட்டி முடித்தன. 283 அடி உயரம்; அடிவாரத்திலே மின்நிலையம். மின்சாரத்தைத் தனியாரிடம் மொத்தமாக விற்றுவிட்டு ஒதுங்கியிருக்கலாம். உழவர் சபை ஒதுங்கவில்லை. கம்பம் நட்டது, கம்பி இழுத்தது, தானே வீடுகளுக்கு விற்றது. பாசனத்துக்கென இறங்கிவரும் நீர், இறங்கும் வழியிலே சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் போயிற்று. வயலையும் நனைத்தது, வருவாயையும் ஈட்டிற்று.

இன்னொரு பக்கம், அதே ஆற்றின் மேற்பகுதியை விரும்பிற்று சான் பிரான்சிஸ்கோ மாநகரம். 1913இல் நிறைவேறிய ரேக்கர் சட்டம் நகரத்துக்கு இடம் தந்தது. தரும்போதே, உழவர்களின் முந்தைய உரிமையையும் எழுதிவைத்தது: வினாடிக்கு 2,350 கன அடி வரை இயற்கை ஓட்டம் முதலில் மாவட்டங்களுக்கு. 1971இல் புதிய டான் பெட்ரோ எழுந்தபோது, செலவில் பங்கேற்று நின்றது அதே மாநகரம். பழைய அணை புதிய ஏரிக்குள் மூழ்கிற்று. புதிய ஏரியின் கொள்ளளவு 20 இலட்சத்து 30 ஆயிரம் ஏக்கர் அடி. நம் கணக்கிலே சொன்னால் ஏறத்தாழ 88 டி.எம்.சி.; நமது மேட்டூரின் 93.47 டி.எம்.சி.க்குச் சற்றே குறைவு. மின்திறன் ஏறத்தாழ 200 மெகாவாட்.

அணை கட்டுவதோடு கதை முடிவதில்லை, தோழர்களே! கட்டிய பிறகுதான் ஆட்சி தொடங்குகிறது. ஓர் ஏரியை நால்வர் நான்கு பக்கம் இழுக்கிறார்கள். "நிரப்பி வை, கோடைக்கு வேண்டும்" என்கிறான் உழவன். "காலி செய்து வை, வெள்ளம் வரும்" என்கிறான் ஆற்றோர நகரத்தான். "நீர்மட்டத்தை உயர்த்தி வை, விலை ஏறும் நேரத்தில் சுழற்றலாம்" என்கிறான் மின்பொறியாளன். "எனக்கும் ஓட்டம் வேண்டும்" என்று வாயில்லாமல் கேட்கிறது, கடலிலிருந்து முட்டையிட வரும் சால்மன் மீன். நால்வரும் சொல்வது நியாயம். நால்வருக்கும் போதிய நீர் இல்லை!

1997 சனவரியில் பனிமலைமீது பெருமழை கொட்டிற்று. புதிய அணையின் உபரிநீர்ப் போக்கி முதன்முதலாகத் திறக்கப்பட்டது. மொடெஸ்டோவின் தாழ்வான பகுதிகள் வெள்ளத்தில் மிதந்தன. 2014, 2015 ஆண்டுகளில் வறட்சி வாட்டிற்று. நல்ல ஆண்டில் ஏக்கருக்கு 48 அங்குலம் வழங்கும் டர்லாக், அதில் பாதியும் வழங்க முடியாமல் தவித்தது. 2018இல் மாநில நீர் வாரியம், பிப்ரவரி முதல் ஜூன் வரை ஆற்றின் இயல்பான ஓட்டத்தில் 40 விழுக்காட்டை, 30க்கும் 50க்கும் இடையே கூட்டியும் குறைத்தும், ஆற்றுக்கே விடவேண்டும் என்று விதித்தது. மாவட்டங்கள் வழக்காடின, பேச்சுவார்த்தையும் நடத்தின. நகரத்து மின்நுகர்வோரும் சும்மா இருக்கவில்லை. "எங்கள் மின்கட்டணத்தால் உழவனின் நீருக்கு மானியமா?" என்று மொடெஸ்டோவிலே நீதிமன்றம் ஏறினர்.

இவற்றையெல்லாம் பார்த்து, "கண்டீரா, மக்களிடம் கொடுத்தால் சண்டைதான்!" என்று சிலர் கைகொட்டக் கூடும். அவர்களைக் கேட்கிறேன்: பிரபுவின் காலத்திலே சண்டை இல்லையா? இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை! இன்று டர்லாக்கிலே ஐந்து இயக்குநர்கள். மக்கள் வாக்கால் வந்தவர்கள். இந்த ஆண்டு எத்தனை அங்குலம் நீர், என்ன விலை, எந்த மதகைச் சீர்செய்வது என்பதை வெளிப்படையான கூட்டத்திலே முடிவு செய்யவேண்டும். பிடிக்கவில்லையா? அடுத்த தேர்தலிலே இறக்கலாம். சண்டை சபைக்கு வந்தது என்பதே அந்த மக்கள் பெற்ற வெற்றி.

புதுமையையும் அவர்கள் புறக்கணிக்கவில்லை. கால்வாய்க்கு மேலே கூரைபோலச் சூரியப் பலகை வேய்ந்தால், நீர் ஆவியாவது குறையும், மின்சாரமும் கிடைக்கும். குஜராத்திலே 2012இல் நர்மதைக் கால்வாய்மீது செய்து பார்த்த முறை அது. டர்லாக் மாவட்டம் மாநில அரசின் இரண்டு கோடி டாலர் உதவியுடன், 1.6 மெகாவாட் அளவில் அதைச் செய்து, 2025இல் முடித்தது. நம் நாட்டு வாய்க்காலில் முளைத்த எண்ணம் அங்கே போய் நிழல் தருகிறது!

அங்கிருந்து நாம் பெறவேண்டியது என்ன? தமிழகத்திலும், பாசன அமைப்புகளை உழவரே மேலாண்மை செய்வதற்கென 2000ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குத் தேர்தலும் உண்டு. ஆனால் அணை ஒரு துறையிடம், மின்நிலையம் வேறொரு நிறுவனத்திடம். சங்கத்துக்கு எஞ்சுவது கிளைவாய்க்கால். அமெரிக்க முறையை அப்படியே பெயர்த்து நடு என்று நான் சொல்லவில்லை. மாநிலங்கள் பங்கிட்டுக்கொள்ளும் காவிரி வேறு, துவாலமி வேறு. ஆனால் மூன்று கேள்விகளை எந்த ஊர் உழவனும் கேட்கலாம். நீர்க் கணக்கு எங்கே? மதகைச் சீர்செய்யும் பணம் எங்கே? முடிவெடுக்கும் கூட்டத்திலே என் நாற்காலி எங்கே?

சங்கத் தேர்தல் வரும் நாளில், "வாய்க்காலுக்குமா வாக்கு?" என்று வீட்டிலே படுத்துவிடாதீர்கள்! வாக்குச்சீட்டைக் கைவிட்ட ஊரிலே, வாய்க்காலை வலியவன் எடுத்துக்கொள்வான். கடைமடையிலே காத்திருப்பவனே, தலைமதகின் சாவி எவனிடம் இருக்கிறது என்று கேள்! கேட்டுக்கொண்டே இரு!