ஒலிக்கும் உருவம் உண்டு

ஒலியைக் காதால் கேட்கிறோம். அதைக் கையால் தொட முடியுமா? இன்று சில சிற்பிகள் அதற்கு வழி செய்கிறார்கள். பறவையின் கூவலையோ ஓடையின் சலசலப்பையோ ஒலிப்பதிவு செய்கிறார்கள். ஒலி எங்கே ஓங்குகிறது, எங்கே தாழ்கிறது என்று கணினியால் அளக்கிறார்கள். அந்த மேடு பள்ளங்களை மரத்திலும் உலோகத்திலும் வடிக்கிறார்கள். நம் ரிங்லெட் மலைச்சரிவு போல அது ஏறி இறங்கும். தடவினால் பறவை கூவாதுதான். ஆனால் காது கேளாத பிள்ளையும், 'இங்கே ஓங்கியது, இங்கே தாழ்ந்தது' என்று விரலால் அறியலாம் அல்லவா?

இது மாயவித்தை அன்று. ஒலி என்பது அதிர்வு. ஜெர்மனி நாட்டு எர்ன்ஸ்ட் கிளாட்னி 1787ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். உலோகத் தகட்டில் மணலைத் தூவி, அதன் விளிம்பைப் பிடில் வில்லால் இழுத்தார். அதிரும் இடங்களிலிருந்து மணல் துள்ளி விலகி, அசையாத இடங்களில் கோடு கோடாகச் சேர்ந்தது. வாசலில் போட்ட கோலம்தான் போங்கள்!

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமனை ஒளி ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றவர் என்றே அறிவோம். மிருதங்கத்தையும் தபலாவையும் ஆராய்ந்தவரும் அவரே. தோலின் மேல் மணலைத் தூவி அதிர்வின் உருவங்களைக் கண்டு, 1934இல் கட்டுரை எழுதினார். வெறும் தோலைத் தட்டினால் பல ஒலிகள் ஒன்றோடொன்று சேராமல் எழும். மிருதங்கத்தின் வலந்தலையில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கிறதே, அந்தப் பூச்சின் கனம்தான் அவற்றை இசைய வைக்கிறது என்று விளக்கினார்.

அந்த வட்டத்தைப் பூசியவர்கள் யார்? தோலைப் பதப்படுத்தி, பசையை மெல்ல மெல்லப் பூசி, கல்லால் தேய்த்து, காதாலேயே அளந்த தொழிலாளிகள். இராமன் விளக்கியதை அவர்கள் கைகள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தன. அவர்களையும் நான் சிற்பிகள் என்றே சொல்வேன்.

பிள்ளைகளே, வீட்டிலேயே செய்து பார்க்கலாம். காலி மைலோ டின்னின் இரண்டு பக்கத்தையும் பெரியவர்களை வெட்டித் தரச் சொல்லுங்கள். விளிம்பு கையைக் கிழிக்கும், கவனம். ஒரு பக்கத்தில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, மேலே கொஞ்சம் உப்பைத் தூவுங்கள். கீழ்ப்பக்கம் வாயை வைத்து 'ஆ' என்று உரக்கப் பாடுங்கள். உப்பு துள்ளும். குரலை ஏற்றி இறக்குங்கள். உப்பு நிற்கும் கோலமும் மாறும்.