மலையாற்று மீன்கள்

தூண்டிலிற் புழுவைக் கோத்து மீன் பிடிப்பது யாவரும் அறிந்ததே. இறகையும் நூலையும் கொண்டு ஈயைப்போலச் செய்த போலி இரையை நீர்மேல் மெல்ல வீசி, டிரௌட் மீனை ஏமாற்றிப் பிடிப்பது வெள்ளையர் கொணர்ந்த விளையாட்டு. அதற்காகவே 1882ஆம் ஆண்டிலே பழுப்பு டிரௌட்டின் முட்டைகள் சீமையிலிருந்து கப்பலேறி நுவரெலியாவுக்கு வந்தன. அம்மீன் வளர்ந்ததேயன்றித் தானாகப் பெருகவில்லை. பின்னர் வந்த வானவில் டிரௌட்டே ஹோர்ட்டன் சமவெளியின் குளிரோடைகளிற் குடியேறி இனம் பெருக்கிற்று. 1896இல் தூண்டிற்காரருக்கெனக் கழகமும் அமைந்தது.

வடக்கே, மாத்தளை மாவட்டத்து ஆறுகளின் செல்வம் வேறு. நக்கிள்ஸ் மலையிற் பிறந்து, லக்கலை வழியே ஓடி, அம்பன் கங்கையிற் கலக்கும் களு கங்கையிலே, ஒரு சாண் நீளமும் எட்டாத கெண்டையொன்று வாழ்கின்றது. உடலிலே கருந்திட்டுகள், முதுகுச் செட்டையிலிருந்து நூலிழைகள் நீண்டு நீரோட்டத்தில் அலையும். இயற்கையில் வேறெந்த நாட்டிலும் காணப்படாத இம்மீனுக்கு 1985ஆம் ஆண்டுவரை அறிவியலிலே பெயர்கூட இல்லை! தூண்டிற்காரர் நாடாத சிறுமீனை யார் எண்ணிப் பார்த்தார்?

2018இலே அதே ஆற்றை மறித்த அணையில் நீர் தேங்கத் தொடங்கிற்று. வயல்களுக்கு நீர் கிடைப்பது நன்றே. ஆயினும், கற்களிடையே பாயும் தெளிநீரிற் பழகிய மீனுக்கு ஆழ்ந்த தேக்கம் ஆறாகிவிடாது. நக்கிள்ஸ் காடு 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. களு கங்கையோ அக்காட்டின் எல்லையைக் கடந்து வெளியேதான் ஓடுகின்றது.