தோரும் அரக்கரும்



இம்மேஜையின்மேல் நாம் வைத்திருப்பது, 1872-ம் வருஷத்தில் ஸ்வீடன் தேசத்து விங்கே என்பவர் எழுதிய சித்திரத்தின் அச்சுப் பிரதியாகும். அசல் ஸ்டாக்ஹோம் நகரத்துத் தேசியக் காட்சிசாலையில் இருக்கிறது. ஆட்டுக்கடாக்கள் இழுக்கும் தேரில் நின்று சம்மட்டியை ஓங்குகிறவர் தோர் என்னும் சாமி. ஜெர்மானிய ஜனங்களின் பழைய இடிதேவன். நம் நாட்டு இந்திரனுக்குப் பங்காளி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கீழே குவியலாய் விழுகிறவர்கள் அரக்கர்கள். அவர்கள் செய்த குற்றம் என்னவென்று படத்தில் காணோம். அரக்கர் எழுதிய புராணம் எங்கேயாவது உண்டா?

படம் நல்ல படந்தான், நாம் மறுக்கவில்லை. பார்க்கிறவர் காதில் இடி கேட்கும்படி எழுதியிருக்கிறார். ஆனால் மயிரைக் கவனியுங்கள். ஐஸ்லாந்துப் பழங்கதையில் தோருக்குச் செந்தாடி. விங்கேயோ பொன்மயிர் வைத்துவிட்டார். இடைக் கச்சையில் ஸ்வஸ்திகக் குறி! அவருக்கு அது பழங்காலத்து அலங்காரம், அவ்வளவே. 1920-ல் ஹிட்லர் கட்சி அக்குறியைக் கொடியில் ஏற்றிய பின், இதே படம் வெள்ளை ஜாதி மற்ற ஜாதிகளை நசுக்கும் படமாகிவிட்டது. இன்றும் இனவெறியர் சிலர் இதைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள்.

அவர்களுடைய எட்டாப் புராணத்தையே புரட்டிப் பார்ப்போம். ஸ்னோரி என்பவர் சுமார் 1220-ல் எழுதிவைத்தது. தோரின் தகப்பன் ஓடின். அந்த ஓடினைப் பெற்றவள் ஓர் அரக்கன் மகள். தோரின் தாயைப் பெற்றவளும் அரக்கன் மகளே! இரண்டு பாட்டிமாரும் அரக்கர் வீட்டுப் பெண்கள் என்றால், தேருக்கடியில் கிடக்கிறவர்கள் இவருக்கு என்ன முறையாக வேண்டும்? சுத்த ரத்தம் பேசுகிறவர்கள்தான் சொல்லவேண்டும்.