வென்றவர் சுமக்கும் பரிசு

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



போட்டி என்று ஒன்று இருந்தால் பரிசு என்று ஒன்றும் இருக்கும். கோப்பை, பொற்கிழி, பட்டம் என்று அது பல வடிவம் கொள்ளும். பெற்றவர் அதனை அலமாரியில் வைத்துவிட்டு ஓய்வு கொள்ளலாம். ஆனால் வென்றவருக்கு ஓய்வைத் தராமல் ஓராண்டு உழைப்பைத் தரும் போட்டியும் உலகில் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரை அடுத்த கேம்பிரிட்ஜில் உள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் ‘மிஸ்டரி ஹண்ட்’ என்னும் புதிர் வேட்டையே அது. அதன் தோற்றம், அதில் பங்குகொள்வோர் படும் பாடு, அது நிலைத்து நிற்பதன் காரணம் ஆகிய மூன்றும் ஓர் அமைப்பின் பத்தாம் ஆண்டு விழாவில் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

ஒரு தாளில் பிறந்த வேட்டை

1981ஆம் ஆண்டு அந்நிறுவனத்தில் மேற்பட்டப் படிப்பு மாணவராக இருந்த பிராட் ஷாஃபர் என்பவர் இவ்வேட்டையைத் தொடங்கினார். முதல் வேட்டை முழுவதும் ஒரே தாளில் அடங்கியது. அத்தாளில் இருந்த குறிப்புகளுள் மறையெழுத்து ஒன்று. நுண்கணிதக் கணக்கு ஒன்று. அனைத்தையும் விடுவித்து இணைத்துப் பார்த்தால், வளாகத்தில் ஒளித்து வைக்கப்பட்ட பழைய ஒரு சென்ட் நாணயம் இருக்கும் இடம் புலப்படும். அந்நாணயத்தைக் கண்டெடுப்பவரே வென்றவர்.

அந்நிறுவனத்தில் இரு கல்விப் பருவங்களுக்கு இடையே சனவரித் திங்களில் ஓர் இடைக்காலம் உண்டு. மாணவர்கள் தம் விருப்பத்திற்கேற்பக் கற்கவும் களிக்கவும் அக்காலம் விடப்பட்டுள்ளது. அதில் மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறையை ஒட்டிய வார இறுதி, இவ்வேட்டைக்கு உரிய காலமாக நிலைபெற்றுவிட்டது. வெள்ளிக்கிழமை நண்பகலில் தொடங்கும் வேட்டை, நாணயம் கிட்டும்வரை இரவு பகலாக நடைபெறும்.

முதல் சில ஆண்டுகள் ஷாஃபரே வேட்டையை அமைத்தார். அவர் படிப்பை முடித்து வெளியேறும் நிலை வந்தபோது, அடுத்த வேட்டையை யார் அமைப்பது என்னும் வினா எழுந்தது. வென்றவரே அமைப்பது என்று முடிவாயிற்று. அன்று ஒரு நெருக்கடிக்குக் கண்ட வழி, பின்னர் அவ்வேட்டையின் உயிர்நாடியாகவே ஆகிவிட்டது.

வழி சொல்லாத புதிர்

இவ்வேட்டையின் புதிர்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. என்ன செய்ய வேண்டும் என்பதைப் பெரும்பாலான புதிர்கள் கூறுவதே இல்லை. சில படங்கள் இருக்கும். அல்லது ஓர் இசைத் துணுக்கு ஒலிக்கும். அல்லது பொருளற்றவை போலத் தோன்றும் சொற்கள் வரிசையாக நிற்கும். இவற்றிலிருந்து ஒரு சொல்லையோ சொற்றொடரையோ விடையாகப் பெற வேண்டும். புதிரின் தலைப்பும் அதன் கீழ் உள்ள ஓரிரு வரிகளுமே வழிகாட்டிகள்.

ஓர் எளிய சான்றால் இதனை விளக்கலாம். ‘முதல் மரியாதை’ என்னும் தலைப்பின் கீழ் மூன்று விடுகதைகள் தரப்பட்டுள்ளன என்று கொள்வோம். எவ்வளவு நீர் வந்து சேர்ந்தாலும் நிரம்பாதது எது? காட்டில் பிறந்து அடுப்பில் முடிவது எது? ஊசி நடந்த வழி எது? கடல், விறகு, தையல் என்று விடைகள் கிடைக்கும். மூன்றுக்கும் ஓர் உறவும் இல்லை. ஆனால் தலைப்பு முதலுக்கு மரியாதை செய்யச் சொல்கிறது. முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘கவிதை’ பிறக்கிறது. பல விடைகளைத் தன்னுள் கொண்டு அவற்றுக்கு மேல் நிற்கும் இத்தகைய புதிரை ‘மெட்டா’ என்று வேட்டையாடுவோர் வழங்குவர். இங்கே விடுகதைகளாகச் சொல்லப்பட்ட ஒவ்வொன்றும், அவ்வேட்டையில் பலர் கூடிப் பல மணி நேரம் உழைத்து விடுவிக்க வேண்டிய தனிப் புதிராக இருக்கும். அண்மைக்கால வேட்டைகளில் அத்தகைய புதிர்கள் நூற்றுக்கும் மேற்பட இடம்பெறுவது வழக்கமாகிவிட்டது.

பிசி எனப்படும் விடுகதையைத் தொல்காப்பியம் செய்யுளியலில் ஓர் இலக்கிய வகையாகவே எண்ணியிருப்பது இந்த அவை அறிந்ததே. நல்ல விடுகதைக்கும் நல்ல புதிருக்கும் இலக்கணம் ஒன்றுதான். விடையைக் கேட்டவுடன் ‘ஆம், இதுவன்றி வேறு எதுவாக இருக்க முடியும்’ என்று கேட்டவர் மனம் ஒப்ப வேண்டும். விடை தெரிந்த பின்னும் ஐயம் எஞ்சினால், குறை விடுவித்தவரிடம் இல்லை, அமைத்தவரிடம் உள்ளது. ஆகவேதான் ஒவ்வொரு புதிரையும் வேட்டைக்கு முன்பே, அதன் விடையை அறியாத சிலரிடம் தந்து விடுவிக்கச் செய்து சோதித்துப் பார்க்கின்றனர். அவர்கள் தடுமாறிய இடங்கள் திருத்தப்படுகின்றன.

பங்குகொள்வோர் படும் பாடு

தொடக்க நிகழ்ச்சியில் அவ்வாண்டு வேட்டையின் கதை, நாடகமாக நடித்துக் காட்டப்படும். பின்னர் அணிகள் தத்தம் வகுப்பறைகளுக்குத் திரும்புகின்றன. சில அணிகளில் பத்துப் பேர். சிலவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டோர். மாணவர்கள், பழைய மாணவர்கள், அந்நிறுவனத்தோடு தொடர்பே இல்லாதவர்கள் என்று பலரும் அவற்றில் உள்ளனர். வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருந்தபடியே கணினி வழியாக உழைப்போரும் உண்டு.

முதல் சில மணி நேரம் ஆரவாரமாகக் கழியும். கரும்பலகை நிரம்பும். அதன் பின் வருவதே உண்மையான வேட்டை. ஒரு புதிரை நால்வர் சூழ்ந்து அமர்ந்து ஐந்து மணி நேரம் நோக்கியும் ஒன்றும் புலப்படாமல் போகும். நள்ளிரவில் வேறொருவர் அவ்வழியே சென்று, ‘இவை சதுரங்க ஆட்டத்தின் நகர்வுகள் அல்லவா?’ என்று கேட்டுவிட்டுப் போவார். ஐந்து மணி நேர இருள் ஒரு நொடியில் விலகும். இந்த நொடிக்காகவே அவர்கள் ஆண்டுதோறும் வருகின்றனர்.

இங்கே அறிவுக்கு உயர்வு தாழ்வு இல்லை. கணிதப் பேராசிரியர் விடுவிக்க இயலாத ஒன்றை, பின்னல் வேலை அறிந்த ஒருவர் நூலின் முடிச்சுகளைக் கண்டே விடுவித்துவிடலாம். ஒருவர் இளமையில் பார்த்த தொலைக்காட்சித் தொடர், மற்றொருவர் பொழுதுபோக்காகக் கற்ற பிரெய்ல் எழுத்து, இன்னொருவர் அறிந்த பறவைகளின் பெயர்கள் என்று, வாழ்க்கையில் பயனற்றவையாகக் கருதப்பட்ட அறிவெல்லாம் அந்த மூன்று நாள்களில் பயன் பெறுகின்றன. ஒருவர் தொடங்கி உறங்கச் சென்ற புதிரை மற்றொருவர் முடித்து வைப்பார். விடை கண்டவர் பெயரைவிட அணியின் பெயரே நிற்கும்.

இறுதிப் புதிர்களை விடுவித்த அணி, வளாகத்தின் நடைவழிகளிலும் படிக்கட்டுகளிலும் குறிப்புகளைத் தேடிக்கொண்டே செல்ல வேண்டும். அந்நிறுவனத்தின் கட்டடங்களுக்குப் பெயரைவிட எண்களே மிகுதியாக வழங்குகின்றன. ‘முடிவிலா நடைவழி’ என்று மாணவர்கள் பெயரிட்ட தாழ்வாரம் மட்டும் ஏறத்தாழ 250 மீட்டர் நீளமுள்ளது. உறங்காத கண்களோடு அவ்வழிகளில் அலைந்து, ஒரு மூலையில் நாணயத்தைக் கண்டெடுக்கும்போது வேட்டை முடிகிறது.

பொன் முயலும் நாணயமும்

இந்நாணயத்தின் மதிப்பு என்ன? ஏறத்தாழ ஒன்றுமில்லை. அதன் பெருமையை உணர, இங்கிலாந்தில் நடந்த மற்றொரு வேட்டையை நோக்க வேண்டும். 1979இல் கிட் வில்லியம்ஸ் என்னும் ஓவியர் ‘மாஸ்கரேட்’ என்னும் படநூலை வெளியிட்டார். அதன் ஓவியங்களுக்குள் ஒரு புதிர் மறைந்திருந்தது. அதனை விடுவிப்பவர், மண்ணில் புதைக்கப்பட்டிருந்த மணிகள் பதித்த பொன் முயலை அடையலாம். மக்கள் நாடெங்கும் தோண்டத் தொடங்கினர். முயல் இருந்த இடமோ, பெட்ஃபோர்டுஷையர் பகுதியில் ஆம்ப்ட்ஹில் என்னும் ஊரில், அரசி கேதரினின் நினைவாக நிறுத்தப்பட்ட சிலுவைத் தூணின் அருகில் இருந்தது.

1982இல் முயல் கிட்டியது. ஆனால் அதனைப் பெற்றவர், ஓவியருக்கு முன்னர் நெருக்கமாக இருந்த ஒருவர் வழியாக இடத்தை உய்த்தறிந்தவர் என்பதை 1988இல் ‘சண்டே டைம்ஸ்’ இதழ் வெளிப்படுத்தியது. புதிரை முறையாக விடுவித்த இயற்பியல் ஆசிரியர் இருவருக்கு முயல் கிட்டவில்லை. அதே ஆண்டு இறுதியில் அம்முயல் 31,900 பவுனுக்கு ஏலம் போயிற்று.

பொன்னை நோக்கி ஓடியவர்களுக்குப் புதிர் ஒரு தடையாகத் தோன்றியது. தடையைச் சுற்றிச் செல்லும் வழியும் ஒருவருக்குக் கிடைத்தது. கேம்பிரிட்ஜ் வேட்டையிலோ புதிரே செல்வம். அதனைச் சுற்றிச் சென்று நாணயத்தை எடுப்பவர் அடைவது என்ன? நூற்றுக்கு மேற்பட்ட புதிர்களை அடுத்த ஆண்டுக்குள் ஆக்கித் தர வேண்டிய கடமையை மட்டுமே! விடுவிக்கும் அன்பு இல்லாதவர் இப்பரிசைத் திருடவும் விரும்பமாட்டார்.

சுமையின் எடை

இதனால் அம்மரபு குறையற்றது என்று கொள்ள வேண்டியதில்லை. அணிகள் பெருகப் பெருக, அவற்றுக்கு ஈடுகொடுக்கப் புதிர்களும் பெருகின. 2013ஆம் ஆண்டு வேட்டை 70 மணி நேரத்தையும் கடந்து, திங்கட்கிழமைதான் முடிந்தது. விடுவிப்போரும் களைத்தனர், அமைத்தோரும் களைத்தனர். அவ்வாண்டு வென்ற அணி, அய்ன் ராண்ட் எழுதிய ‘அட்லஸ் ஷ்ரக்டு’ என்னும் ஆயிரம் பக்க நாவலின் வாசகம் முழுவதையும் தன் பெயராகச் சூட்டிக்கொண்ட குறும்பு அணி! ஆயினும் பொறுப்பு வந்தவுடன் அக்குறும்பர்களே உழைக்க அமர்ந்தனர். ‘ஆலிஸின் அற்புத உலக’க் கதையை ஒட்டி 2014ஆம் ஆண்டு வேட்டையை அமைத்துத் தந்தனர்.

அளவு எவ்வளவு என்னும் வினாவுக்கு இன்றும் ஒரே விடை இல்லை. 2017இல் முதல் அணி ஒரு நாள் நிறைவதற்குள்ளேயே முடித்துவிட்டது. அவ்வாண்டு சிறிய அணிகளும் முடிவைக் காணும் வாய்ப்புப் பெற்றன. பெரிய அணிகளுக்கோ விருந்து விரைவில் முடிந்தது. மிகுந்தால் எளியோர் விடுபடுவர். குறைந்தால் வல்லோர் ஏமாறுவர். ஒவ்வோர் ஆண்டும் புதிய கைகள் இத்துலாக்கோலை ஏந்துவதால், சென்ற ஆண்டின் பிழை அடுத்த ஆண்டில் திருத்தம் பெறுகிறது.

கொள்ளை நோயும் இம்மரபை அறுக்கவில்லை. 2021இல் ஒருவரும் வளாகத்தில் கூட இயலாதபோது, அமைப்பாளர்கள் அவ்வளாகத்தையே கணினித் திரையில் ஒரு கற்பனை உலகாக ஆக்கினர். அதில் சிறு உருவங்களாக அணியினர் உலவினர். 2022ஆம் ஆண்டு வேட்டையும் தொலைவிலிருந்தே நடந்தது; அதன் கதைக்களம் நூல்களின் உலகம். 2023இல் மீண்டும் வகுப்பறைகள் நிரம்பின.

முடிவுரை

தொடங்கியவர் அகன்ற பின் அமைப்புகள் தளர்வது உலக வழக்கு. ஆர்வலர் பலர் சுவைஞராகவே இருந்துவிடுகின்றனர். ஆக்குவோர் ஓரிருவராகச் சுருங்கி, ஒருநாள் அவர்களும் சோர்கின்றனர். ஒரே தாளில் தொடங்கிய அவ்வேட்டை நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் நிற்கிறது. சுவைத்தவரை ஆக்குபவராக மாற்றும் விதி ஒன்று அதற்குள் இருப்பதே காரணம். விருந்துண்டவர்களுள் முதல்வருக்கு அடுத்த விருந்தின் அகப்பை தரப்படுகிறது.

பத்தாண்டு கண்ட ஓர் இலக்கிய வட்டத்திலும் இவ்விதி எழுதாமலே இயங்கியிருக்க வேண்டும். முதலாண்டில் பின்வரிசையில் அமர்ந்து கேட்டவர் ஒருவர் இன்று அழைப்பிதழ் அச்சிட அலைகிறார் என்றால், நாற்காலி அடுக்குகிறார் என்றால், வட்டம் வாழ்கிறது. இன்று பின்வரிசையில் அமர்ந்திருக்கும் இளையோரின் கையில் அந்நாணயம் எப்போது வைக்கப்படும் என்பதே இருபதாம் ஆண்டு விழா நடைபெறுமா என்னும் புதிருக்கு விடையாகும்.