பாசிக்கு எந்த லைட்? மண்ணூர் அறையில் ஒரு குட்டிக் கடல்

போன வாரம் மண்ணூர்ல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை, வாரா வாரம் ஷிஃப்ட் மாறும். வாடகை அறையில ரெண்டு அடி நீளத்துல ஒரு கடல் தண்ணீர்த் தொட்டி. உள்ளே கொஞ்சம் கல், ரெண்டு கிளவுன் மீன், ஒரு கைப்பிடி கடற்பாசி. "கடையில ஒரு நீல ரீஃப் லைட் காட்டுறாங்கண்ணா. விலை என் சம்பளத்துல பாதி. அதை வாங்கினாதான் பாசி வளருமா?"

நேரா சொல்லிடறேன் தம்பி. வேண்டாம். ஏன்னு பார்ப்போம்.

அந்த நீல லைட் பவளத்துக்காகச் செஞ்சது. பவளத்துக்குள்ள வாழுற நுண்பாசிக்கு நீல ஒளி பிடிக்கும், பவளமும் அந்த ஒளியில பளபளன்னு மின்னும். ஆனா நம்ம ஊர்ல ஒரு விஷயம் இருக்கு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில 2001-லயே பவளத்தைச் சேர்த்துட்டாங்க. நம்ம கடல்ல இருந்து எடுத்த பவளத்தை விக்கிறதும் குற்றம், வாங்குறதும் குற்றம். வீட்ல வைக்கக்கூடாத ஒண்ணுக்கான லைட்டுக்கு எதுக்கு அரைச் சம்பளம்?

பாசி கதை வேற. மண்டபம், பாம்பன் பக்கம் போனீங்கன்னா கஞ்சிப்பாசி, கட்டக்கோரைன்னு மீனவப் பெண்கள் பேர் சொல்லி அடையாளம் காட்டுவாங்க. கஞ்சிப்பாசிங்கிறது கிராசிலேரியா, கட்டக்கோரைங்கிறது சர்காசம். ரெண்டும் கரையோரத்துல, ஆழம் குறைஞ்ச தண்ணியில வளருறது. கடல் தண்ணி சிவப்பு ஒளியை முதல் சில மீட்டர்லயே உறிஞ்சிடும், நீலம்தான் ஆழத்துக்குப் போகும். அப்போ கரையோரப் பாசிக்குப் பழக்கமானது எது? எல்லா நிறமும் கலந்த வெள்ளை வெயில். பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் எடுத்துக்கும். சிவப்புப் பாசியில இருக்கிற இன்னொரு நிறமி, பச்சை ஒளியைக்கூட விடாது. அதனால வெறும் நீலம் போதாது.

அப்போ எதை வாங்கணும்? எலக்ட்ரிக் கடையில 20 வாட் எல்இடி ஃப்ளட் லைட் கேளுங்க. பெட்டியில 6500 கே, அதாவது கூல் டேலைட்னு போட்டிருக்கணும். ஐபி 65-ன்னும் இருக்கணும், அப்பதான் தண்ணி தெறிச்சாலும் தாங்கும். தண்ணி மட்டத்துக்கு மேல ஒரு முக்கால் அடி உயரத்துல உறுதியா மாட்டுங்க. ஒரு நாளைக்கு 9 மணி நேரம் எரிஞ்சா மாசத்துக்கு அஞ்சரை யூனிட்டுக்குள்ளதான். சப்-மீட்டர் பார்த்து காசு வாங்குற ஹவுஸ் ஓனரும் முகம் சுளிக்க மாட்டார்.

லைட்டை விட முக்கியம் டைமர். இதுலதான் ஷிஃப்ட் ஆளுங்க தப்பு பண்ணுவாங்க. வீட்டுக்கு வந்ததும் லைட்டைப் போடுறது, தூங்கப் போறப்ப அணைக்கிறது. வாரம் மாறினா தொட்டியோட பகலும் மாறிடும். அப்படி வேண்டாம். ஒரு டைமர் ப்ளக் வாங்கி சாயங்காலம் 4 மணியில இருந்து ராத்திரி 1 மணி வரைக்கும் வச்சிடுங்க. காலை ஷிஃப்ட் முடிச்சு வந்தா சாயங்காலம் முழுக்கப் பார்க்கலாம். ரெண்டாவது ஷிஃப்டுன்னா தூங்குறதுக்கு முன்னாடி கொஞ்சம். நைட் ஷிஃப்டுன்னா கிளம்புறதுக்கு முன்னாடி. பகல் எத்தனை மணிக்குத் தொடங்குதுன்னு பாசிக்குக் கவலை இல்லை, தினமும் ஒரே மாதிரி இருந்தா போதும். ஆனா எடுத்ததும் 9 மணி நேரம் வைக்காதீங்க. 6-ல ஆரம்பிச்சு வாரம் ஒரு மணி நேரம் கூட்டுங்க.

ஒளியை அளக்கிற மீட்டர் விலை அதிகம். அதுக்குப் பதிலா பாசியையே பாருங்க. ஒல்லியா, வெளிறிப்போய் மேல நோக்கி இழுத்துட்டுப் போனா ஒளி பத்தலை, லைட்டைக் கொஞ்சம் இறக்குங்க. நுனி வெளுத்தா ஒளி அதிகம், ஏத்துங்க. கஞ்சிப்பாசி மஞ்சளடிச்சா ஒளி அதிகமா இருக்கலாம், இல்ல தண்ணியில சத்து குறைஞ்சிருக்கலாம். கண்ணாடியில முடி மாதிரி பாசி படர்ந்தா நேரத்தைக் குறைங்க. ஒரு மாற்றம் செஞ்சா, ஒரு வாரம் பொறுங்க.

ஒரு எச்சரிக்கை. திராட்சைக் கொத்து மாதிரி அழகா இருக்குமே காலெர்பா, அதை முதல் தொட்டியில போடாதீங்க. சில சமயம் அது இனச்செல்களை மொத்தமா வெளியே விட்டுட்டு அப்படியே செத்துப்போகும். தண்ணி பால் மாதிரி கலங்கும், ஆக்சிஜன் இறங்கும், சின்னத் தொட்டின்னா மீன் தாங்காது. இருட்டுல எல்லாப் பாசியுமே ஆக்சிஜனை எடுத்துக்கத்தான் செய்யும், அதனால ராத்திரியில ஏர் பம்ப் ஓடணும். கரண்ட் போனா லைட் இல்லாம பாசி ஒரு நாள் தாங்கும், காத்து இல்லாம மீன் தாங்காது. பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு கையில இருக்கட்டும்.

கடைசியா, உயிர் விஷயம். உப்புத் தண்ணி மின்சாரத்தை நல்லாக் கடத்தும். வயர் ப்ளக்குக்குக் கீழே ஒரு வளைவா தொங்கி, அப்புறம் மேல ஏறணும். அப்பதான் வழியுற தண்ணி ப்ளக்குக்குள்ள போகாது. அறையில ஆர்சிசிபி இருக்கான்னு ஹவுஸ் ஓனர்கிட்ட கேளுங்க. தொட்டிக்குள்ள கை விடுறதுக்கு முன்னாடி எல்லா ஸ்விட்சையும் அணைச்சிடுங்க.

தம்பி, மிச்சமாகுற காசுல நல்ல உப்பும், உப்பு அளக்க ஒரு ரிஃப்ராக்டோமீட்டரும் வாங்குங்க. மூணு மாசம் கழிச்சு இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க, பாசி எப்படி இருக்குன்னு கேட்போம். அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.