பியானோவில் சொல்லிசை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இரயில் ஓடாத தீவிலே இரயில்வே எழுத்தரைப் பேச அழைத்தீர்கள். அதுவும் பியானோவைப் பற்றி! தண்டவாளத்தின் தாளம் காதில் ஊறியவர்கள் நாம். அத்துணிவிலே பேசுகிறோம்.

'ராப்' எனப்படும் சொல்லிசை, 1973-இல் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் எழுந்த ஹிப்ஹாப் கலையின் ஒரு கிளை. அதிலே பண்ணைக் காட்டிலும் பேச்சே மேலோங்கி நிற்கும். அத்தகைய பாட்டை பியானோவில் எங்ஙனம் வாசிப்பது? புதிதாகப் பயிலும் பிள்ளை ஒவ்வோர் அசையையும் கட்டையிலே தேடுகிறது, விரல் பின்னுகிறது, மறுநாள் கருவிக்கு உறை போட்டுவிடுகிறார்கள். சொல்லை வாய்க்கு விட்டுவிட்டுத் தாளத்தையும் பல்லவியையும் மட்டும் விரலுக்குக் கொடுப்பதே நேரிய வழி என்பது நம் கருத்து.

2021-இல் அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் ஆகிய மூவர் பெயராலும் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி'யை எடுத்துக்கொள்வோம். 'ஸி' கட்டையை ஆதார ஸட்ஜமாகக் கொள்க. இடக்கைச் சுண்டுவிரல் அதன்மேல். கட்டைவிரல் பஞ்சமமாகிய 'ஜி'யின்மேல். நான்கு எண்ணிக்கையில் ஒன்றுக்கு ஸட்ஜமம், மூன்றுக்குப் பஞ்சமம். இடக்கைக்கு இவ்வளவே வேலை. நிமிடத்திற்கு அறுபது எண்ணிக்கை என்னும் நிதானத்தில், கை தானே நடக்கும்வரை பழகவேண்டும். பின்னர்ப் பல்லவியைக் காதால் கேட்டு, வலக்கையின் ஒரு விரலால் தேடிப் பிடிக்கலாம்.

இனிச் சொல்லிசைப் பகுதி. ஓர் எண்ணிக்கைக்குள் நான்கு அசைகள்கூட விரையும். தொடக்கப் பிள்ளையின் விரல் அதற்கு ஈடுகொடாது. ஆகையால் மோனையும் எதுகையும் விழும் சொற்களின் தொடக்கத்தில் மட்டும் மேல் ஸட்ஜமத்தைத் தட்டுக. ஒரே கட்டையை அடுத்தடுத்துத் தட்டும்போது நடுவிரல், சுட்டுவிரல், கட்டைவிரல் என மாற்றினால் கை சோராது. காலடி மிதியைத் தொடவேண்டா. தொட்டால் ஒலிகள் ஒன்றோடொன்று குழம்பும்.

இங்கேதான் நாம் சொல்லவந்த செய்தி இருக்கிறது. மோனை எங்கே விழுகிறதென்று அறியப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துத் தெரியவேண்டும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்பது தெரியவேண்டும். பள்ளியிலும் கடைத்தெருவிலும் இந்தி பேசி, வீட்டில் மட்டும் தமிழ் கேட்கும் நம் பிள்ளைகள், இலக்கண நூலைக் கண்டால் ஓடுகிறார்கள், இப்பாட்டென்றால் ஓடமாட்டார்கள். (உப்புக் காற்றில் பியானோவின் கம்பி துருப்பிடிக்கும், 61 கட்டை கொண்ட மின் கீபோர்டே இங்கு ஏற்றது.)

அன்றியும் இப்பாட்டு நமக்கு அயலன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வையே அறிவு இதிலே வைத்தார். 1964-ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தை அடுத்து அவ்வாறு திரும்பியோருள் சில குடும்பங்கள் நம் நிக்கோபாரின் கச்சல் தீவு ரப்பர்த் தோட்டத்திலும் குடியமர்ந்தன.

ஆதலால் அடுத்த ஆண்டு விழாவில் இம்மேடையில் ஒரு சிறுமி கட்டையைத் தட்ட, அவள் பாட்டி பக்கத்தில் அமர்ந்து சொல்லை உரைக்கட்டும். ஒத்திகைக்கு ஞாயிறு மாலைகளில் கீபோர்டு கொண்டுவர இசைவோர், கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறோம்.