மெஷ் வைஃபை: பெட்டிகளுக்கு நடுவே காற்றா, கேபிளா?

(நமது குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வளாகத்தில் பல வீடுகளில் மெஷ் வைஃபை வந்துவிட்டது. ஹாலில் ஒரு பெட்டி, படுக்கையறைப் பக்கம் ஒரு பெட்டி. "பிளான் 200 எம்பிபிஎஸ். உள் அறையில் 50 கூட வரவில்லை. இன்னொரு பெட்டி வாங்கலாமா?" என்று சிலர் கேட்டீர்கள். வாங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் கேளுங்கள். சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகலாம்.

மெஷ்ஷில் இணையம் நேராக வந்து சேர்வது முதல் பெட்டிக்கு மட்டும்தான். மற்றவை அதனிடம் வாங்கித்தான் உங்கள் போனுக்குக் கொடுக்கின்றன. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள இந்தத் தொடர்புக்குப் பெயர் பேக்ஹால். மேல்தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் இறங்கும் குழாய் சிறுத்துவிட்டால் குளியலறையில் எப்படி வருமோ, அப்படித்தான் இதுவும்.

பேக்ஹால் காற்று வழியாகவும் இருக்கலாம், லேன் கேபிள் வழியாகவும் இருக்கலாம். காற்று வழியில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே அலைவரிசையில் ஒரு பெட்டி ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் முடியாது. முதல் பெட்டியிடம் வாங்கிய பிறகுதான் போனுக்கு அனுப்ப முடியும். அதனால் வேகம் பாதியாகிவிடும். மூன்றாவது பெட்டி இரண்டாவதன் வழியாக வாங்கினால் இன்னும் குறையும். நடுவில் கான்கிரீட் சுவரோ, கண்ணாடி பதித்த பீரோவோ இருந்தால் அதற்கும் சேர்த்து இழக்கிறீர்கள்.

டிரை-பேண்ட் மெஷ்ஷில் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவே தனி ரேடியோ இருக்கும். பாதியாகும் தொல்லை அதில் குறைவு. ஆனாலும் சுவர் சுவர்தான்.

அடுக்குமாடிக்கு இன்னொரு விஷயமும் உண்டு. காற்று நமக்கெல்லாம் பொது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே. அவற்றை மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடு எல்லோரும் பங்கிடுகிறோம். நீங்கள் கூடுதலாக வைக்கும் ஒவ்வொரு பெட்டியும் அந்த நெரிசலில் சேரும். பேக்ஹாலைக் கேபிளுக்கு மாற்றினால் உங்களுக்கும் நல்லது, பக்கத்து வீட்டுக்கும் நல்லது.

எல்லோருக்கும் கேபிள் வேண்டுமா? வேண்டாம். இரண்டு படுக்கையறை வீடு, 100 எம்பிபிஎஸ் பிளான், வாடகைக்கு இருக்கிறீர்கள் என்றால் காற்று வழியே போதும். பெட்டியைச் சிக்னல் இல்லாத அறையில் வைக்காதீர்கள். சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் நடுவழியில் வையுங்கள். பல வீடுகளில் இந்த ஒரு மாற்றமே போதும்.

போதவில்லையா? சுவரைத் துளைக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டாம் பெட்டியின் அருகே நின்று வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நீளமான லேன் கேபிள் ஒன்றை இரவல் வாங்கித் தரையிலேயே போட்டு இரண்டு பெட்டிகளையும் இணைத்து, அதே இடத்தில் மறுபடி பாருங்கள. வேகம் நன்றாக ஏறினால் கேபிளுக்குச் செலவு செய்யலாம். ஏறவில்லை என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. புதுப் பெட்டி வாங்கியும் பயனில்லை.

கேபிள் போடுபவர்கள் கவனிக்க வேண்டியவை:

முதலில் சுவருக்குள் பழைய டெலிபோன் அல்லது டிவி வயர் பைப் இருக்கிறதா என்று பாருங்கள். உபயோகத்தில் இல்லாத பழைய வயரின் நுனியில் புதுக் கேபிளைக் கட்டி மறுபக்கம் இழுத்தாலே பல இடங்களில் வேலை முடிந்துவிடும்.

கேட் 6 கேபிள், முழுக்கச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் மலிவாகக் கிடைக்கும், எளிதில் முறியும். கேட் 5இ ஏற்கெனவே இருந்தால் மாற்ற வேண்டாம். அதுவே 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும்.

கேபிளுக்குள் 8 கம்பிகள் இருக்கும். சிலர் 4 மட்டும் பொருத்திவிட்டுப் போவார்கள். நெட் வரும், ஆனால் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. எலக்ட்ரீஷியன் இருக்கும்போதே சோதித்துவிடுங்கள். பெட்டியின் லேன் போர்ட்டும் கிகாபிட் தானா என்று பாருங்கள்.

230 வோல்ட் மின்வயர் போகும் பைப்பில் லேன் கேபிளை நுழைக்கவே கூடாது. இது உயிர் பற்றிய விஷயம். தூணையும் பீமையும் துளைக்காதீர்கள். பொது டக்ட்டில் கேபிள் போட வேண்டுமென்றால் முதலில் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள்.

பெயின்ட் வேலையோ மர வேலையோ வைத்திருப்பவர்கள் அதற்கு முன்பே கேபிளை இழுத்துவிடுங்கள். பிறகு செய்தால் செலவு இரட்டிப்பு, தூசியும் இரட்டிப்பு. இப்போது தேவையில்லை என்று தோன்றினாலும் காலி பைப் ஒன்றையாவது புதைத்து வையுங்கள்.

உங்கள் வீட்டு அமைப்பில் சந்தேகம் இருந்தால், கூட்டம் முடிந்ததும் ஒரு தாளில் வீட்டு வரைபடத்தைப் போட்டுக் கொண்டுவாருங்கள். உட்கார்ந்து பார்ப்போம்.